என் காரின் பிரேக்கை ஆறு வருடமாகப் பார்த்துக்கொள்ளும் அல்சூர் பட்டறை

2019 மே மாதம் ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது என் காரின் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. சேலம் பக்கம் இறங்கும் அந்தச் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள்; பாதிக்கு மேல் தாண்டியிருந்தோம். பக்கத்தில் அப்பா, பின்சீட்டில் அம்மாவும் என் பையனும். விட்டுவிட்டு மூன்று நான்கு முறை மிதித்த பிறகுதான் வண்டி கட்டுக்குள் வந்தது. ஓரமாக நிறுத்தி முக்கால் மணி நேரம் ஆறவிட்டு, அப்புறம் இரண்டாவது கியரிலேயே அடிவாரம் வரை ஊர்ந்து வந்தோம். அப்பா வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை.

அதற்கு மூன்று வாரம் முன்புதான் ஒரு கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டியை விட்டு எடுத்திருந்தேன். ரசீதில் ‘பிரேக் செக் ஓகே’ என்று அச்சடித்திருந்தது. சக்கரத்தைக் கழற்றினார்களா என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை.

பெங்களூரு திரும்பியதும், அலுவலகத் தோழி சொல்லி, அல்சூரில் ஒரு சந்துக்குள் இருக்கும் பட்டறைக்குப் போனேன். நடத்துபவர் திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். என் வண்டி 2014 மாடல் பெட்ரோல் கார். பிரேக் முன்னால் டிஸ்க் (சக்கரத்தோடு சுற்றும் தட்டு), பின்னால் டிரம் (கிண்ணம் மாதிரி சுற்றும் உறை). அன்று 48,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது, இன்று 1,06,000. நடுவில் பிரேக் வேலை எல்லாமே அங்கேதான்.

முதல் நாள் அவர் எடுத்தவுடன் சக்கரத்தைத் தொடவில்லை. பானெட்டைத் திறந்து, பிரேக் ஆயில் டப்பாவில் டார்ச் அடித்துப் பார்த்து, “இது எப்பம்மா மாத்தினது?” என்று கேட்டார். ஐந்து வருடத்தில் ஒரு தடவைகூட மாற்றவில்லை. புதிதாக இருக்கும்போது வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டிய ஆயில், டீ டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 (பிரேக் ஆயிலின் ஒரு தரம்) வகை ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறிய நிலைக்கான வரம்பு 155 டிகிரிதான். மலையிறக்கத்தில் நானும் மூன்றாவது கியரில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்திருக்கிறேன். சூடு ஏறி ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி உண்டாகும். ஆயிலை அழுத்தினால் அது சுருங்காது, ஆவி சுருங்கும். நாம் மிதிப்பதெல்லாம் அந்தக் குமிழியை நசுக்குவதிலேயே போய்விடும். இதை அவர் ஒரு ஊசி சிரிஞ்சில் தண்ணீரும் காற்றும் அடைத்து, முனையை விரலால் மூடி, என்னையே அழுத்திப் பார்க்கச் சொல்லிப் புரியவைத்தார்.

அப்புறம்தான் சக்கரங்களைக் கழற்றினார். டிஸ்க்கை இரண்டு பக்கமும் பிடிக்கும் பிரேக் பேடுகளை அழுத்தும் கவ்விதான் காலிப்பர். வலது முன்சக்கரத்தில் அது நகர்வதற்கான இரும்புப் பின் (pin) துருப்பிடித்து இறுகியிருந்தது. காலிப்பர் நகர வேண்டும், அப்போதுதான் இரண்டு பேடும் சமமாகத் தேயும். என் வண்டியில் வெளிப்பக்கப் பேட் 6 மில்லிமீட்டர், உள்பக்கம் 2 மில்லிமீட்டர். சக்கரத்தின் இடைவெளி வழியாக எட்டிப் பார்த்தால் வெளிப்பேட் மட்டும்தான் தெரியும், அது நன்றாகத்தான் இருந்தது. இரண்டையும் என் உள்ளங்கையில் வைத்து, “கையால தடவிப் பாரும்மா” என்றார். புதுப் பேட், பின்னைச் சுத்தம் செய்து கிரீஸ் வைத்தது, நான்கு சக்கரத்தின் பிரேக் குழாயிலும் ஏர் எடுத்துப் புது ஆயில் ஊற்றியது, கூலி எல்லாம் சேர்த்து 2,900 ரூபாய்.

2020 ஊரடங்கில் இரண்டு மாதம் வண்டி அசையவே இல்லை. கிளப்பினால் பின்சக்கரம் சுற்றவில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டே நிறுத்தியிருந்ததால் டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் பிரேக் ஷூ அதோடு ஒட்டிக்கொண்டது. பட்டறையிலிருந்து ஒரு பையன் வந்து, சுத்தியலால் டிரம்மைப் பக்குவமாகத் தட்டி விடுவித்தான். அதிலிருந்து நாள்கணக்கில் ஊருக்குப் போனால் சமதளத்தில் முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்துவிட்டுப் போகிறேன். ஹேண்ட் பிரேக் போடுவதில்லை.

2022-இல் ஓசூர் சாலையில் 80 வேகத்தில் பிரேக் போட்டால் பெடலும் ஸ்டியரிங்கும் நடுங்க ஆரம்பித்தன. டிஸ்க் ஒரே தடிமனாகத் தேயவில்லை. லேத்தில் கொடுத்துச் சீவலாமா என்று கேட்டேன். வெர்னியரால் அளந்துவிட்டு வேண்டாம் என்றார். டிஸ்க்கிலேயே குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கிறது. சீவினால் அதற்குக் கீழே போய்விடும். இரண்டு பக்கமும் மாற்றினோம். ஜே.சி. ரோட்டுக் கடையிலிருந்து பில்லோடு வாங்கி, பெட்டியை என் முன்னால் பிரித்தார். கழற்றிய பழைய சாமானை வண்டி டிக்கியில் வைத்துவிடுவது அவர் வழக்கம்.

குறை இல்லாமல் இல்லை. ஒருமுறை அவர் சொன்ன விலை குறைந்த பேட், போட்ட மறுவாரமே கீச்சென்று கத்த ஆரம்பித்தது. கூலி வாங்காமல் வேறு போட்டுக்கொடுத்தார், ஆனால் எனக்கு ஒரு சனிக்கிழமை போனது. டிரம்முக்குள் இருக்கும் தூசியை அங்கே வேலை செய்யும் பையன்கள் காற்றடித்து ஊதுகிறார்கள். அந்தத் தூசியை மூச்சில் இழுப்பது நுரையீரலுக்குக் கெடுதல். ஈரத்துணியால் துடைக்கச் சொல்லி ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். சந்தில் வண்டி நிறுத்த இடம் கிடையாது.

பெங்களூரு போக்குவரத்தில் பேட் சீக்கிரம் தேயும் என்பது சில்க் போர்டு பக்கம் தினமும் போகிறவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எனக்கு முன் பேட் ஒரு செட் சுமார் 30,000 கிலோமீட்டர் வருகிறது. ராத்திரி மழையில் நின்ற வண்டி காலையில் முதல் இரண்டு மிதியில் கரகரப்பது டிஸ்க் மேல் படிந்த மெல்லிய துருதான், அதுவே போய்விடும். ஓட்ட ஓட்டப் போகாத சத்தம், ஒரு பக்கமாக இழுப்பது, ஆயில் மட்டம் இறங்குவது, இதில் எது வந்தாலும் நான் அன்றைக்கே போய்விடுவேன்.

எந்தப் பட்டறைக்குப் போனாலும் நான்கு சக்கரத்தையும் உங்கள் கண் முன்னால் கழற்றச் சொல்லுங்கள். உள்பேடைக் காட்டச் சொல்லுங்கள். ஆயில் டப்பா மூடியில் டாட் 3 அல்லது டாட் 4 என்று எழுதியிருக்கும். வேறு எதையும் ஊற்ற விடாதீர்கள். மாற்றிய தேதியைக் குறித்து வையுங்கள். நான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன், தேதி எழுதிய சீட்டு பானெட்டுக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கிறது.

போன மாதம் பின்பக்க இடது வீல் சிலிண்டரில் (ஆயில் அழுத்தத்தால் ஷூவைத் தள்ளும் பாகம்) லேசான கசிவு தெரிந்தது. பொங்கலுக்கு முந்தைய வாரம் அந்தச் சந்தில் ஊருக்குக் கிளம்பும் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும் என்பதால், அதுவரை காத்திருக்காமல் அப்போதே மாற்றிவிட்டேன். இந்த முறையும் அப்பாவை ஏற்காடு கூட்டிப்போகிறேன்.