ரோகுவா, மிர்காலா: நிறம், எண்ணிக்கை, வாய் என்னும் மூன்று வழிகள்

மேலூருக்கு அருகில் உள்ள எங்கள் 25 சென்ட் பண்ணைக்குட்டையில் முதன்முறை மீன் விட்டபோது, 800 குஞ்சுகளை 4:3:3 என்ற விகிதத்தில் வாங்கினேன். மேல்மட்டத்தில் மேயும் கட்லா 320, நடுமட்டத்தில் மேயும் ரோகு 240, அடிமட்டத்தில் மேயும் மிர்கால் 240 என்பது கணக்கு. ரோகு என்று கொடுக்கப்பட்ட பையில் பெரும்பகுதி மிர்கால்தான் என்பது, பத்து மாதம் கழித்து வலை இழுத்த அன்றுதான் தெரிந்தது. அடியில் இரைக்கு நெருக்கடி ஏற்பட்டு மிர்கால் எதிர்பார்த்த எடைக்கு வரவில்லை. நடுமட்டத்து இரையோ மேய்வாரின்றிக் கிடந்தது. அதன் பின்னர் மூன்று ஆண்டுகளாக, நன்னீர் மீன்களை உருவம் பார்த்துப் பிரித்தறியும் வழிகளை ஒவ்வொன்றாகப் பயன்படுத்திப் பார்த்து, இப்போது ஒன்றையே நம்புகிறேன்.

நிறம் பார்ப்பது எல்லாரும் செய்வது. வளர்ந்த ரோகுவின் செதில்களில் செம்மை படர்ந்திருக்கும். மிர்கால் வெள்ளி போலிருக்கும். கரிமேட்டுச் சந்தையில் மீன் வாங்குவதற்கு இது போதும். குஞ்சு வாங்குவதற்குப் போதாது, ஏனெனில் விரலளவுக் குஞ்சில் அந்தச் செம்மை இன்னும் ஏறியிருக்காது; செம்மண் கலங்கிய நீரில் வளர்ந்தால் பெரிய மீன்கூட வெளிறிவிடும். செம்மஞ்சளாகக் கூட்டமாய்த் திரியும் விரால் குஞ்சுகளையும் கரும்பழுப்பான தாய் விராலையும் கண்மாயில் பார்த்தவர்களுக்கு, ஒரே இனத்தில் நிறம் எவ்வளவு மாறும் என்று விளக்க வேண்டியதில்லை. ஜிலேபிக் கெண்டையின் ஆண் மீனும் இனப்பெருக்கக் காலத்தில் கறுத்துப்போகிறது.

இரண்டாவது வழி, துடுப்பைத் தாங்கி நிற்கும் கதிர்களையும், உடலின் பக்கவாட்டில் தலைப்பக்கமிருந்து வால்வரை ஓடும் பக்கக்கோட்டில் உள்ள செதில்களையும் எண்ணுவது. விராலையும் குரவையையும் பிரிக்க இதைவிடத் திட்டமான வழி இல்லை என்பேன். விராலின் பக்கக்கோட்டில் 50-க்கு மேற்பட்ட செதில்கள் இருக்கும். குரவையில் 40-ஐ ஒட்டியே நின்றுவிடும். மேலூர்ப் பக்கத்து மீன்பிடித் திருவிழாக்களில் ஊத்தா என்னும் மீன்பிடி கூடையில் அகப்படும் சிறிய மீனை விரால் குட்டி என்று சிலரும் குரவை என்று சிலரும் வாதிடும்போது, எண்ணிப் பார்த்தால் வழக்கு தீர்ந்துவிடும். ஆனால் எனக்கு வேண்டியிருந்த இடத்தில் இந்த முறை கைகொடுக்கவில்லை. ரோகுவுக்கு 40 முதல் 44, மிர்காலுக்கு 40 முதல் 45 என்று இரண்டின் எண்ணிக்கையும் ஒன்றன்மேல் ஒன்று விழுகிறது. உயிருள்ள குஞ்சை நீருக்கு வெளியே அவ்வளவு நேரம் பிடித்துவைப்பதும் முறையன்று.

வாயைப் பார்ப்பதே என் தேர்வு. ஒரு மீனின் வாய் அது எந்த மட்டத்தில் மேய்கிறதோ அதற்கேற்ப அமைந்திருப்பதால், நீர் கலங்கினாலும் தெளிந்தாலும் அதில் மாற்றமில்லை. நாம் பணம் கொடுப்பதும் அந்த மேய்ச்சல் மட்டத்துக்குத்தான். கட்லாவின் தலை பெரியது, கீழ்த்தாடை முன்னே நீண்டு வாய் மேல்நோக்கித் திறக்கும், மீசை கிடையாது. ரோகுவின் வாய் மூக்குக்குக் கீழே இருக்கும். உதடுகள் தடித்து, துண்டின் ஓரத்தில் விட்ட நூல்குஞ்சம் போலச் சிறு சிறு இழைகளாக வெட்டுண்டிருக்கும். மிர்காலின் வாய் அகன்றது. உதடு மெலிந்தது, ஓரத்தில் குஞ்சம் இராது. மீசையை நம்பி இவ்விரண்டையும் பிரிக்க முயன்று நான் ஏமாந்திருக்கிறேன், ஏனெனில் இரண்டிலும் அது மிகக் குறுகியது. சாதா கெண்டையில் மட்டும் இரண்டு இணை மீசைகள் தெளிவாகத் தெரிவதால், அதை ஒதுக்குவதற்கு மீசை உதவும்.

பையிலிருந்து முப்பது குஞ்சுகளை எடுத்து, தெளிந்த நீர் நிரப்பிய கண்ணாடி டம்ளரில் ஒவ்வொன்றாக விட்டு, நிழலில் நின்று கீழிருந்து பத்து மடங்கு உருப்பெருக்கிக் கண்ணாடியால் கீழுதட்டைப் பார்க்கிறேன். கையை நனைத்துக்கொண்டுதான் மீனைத் தொட வேண்டும். உலர்ந்த கை அதன் வழவழப்பை உரித்துவிடும். மூன்று அங்குலத்துக்கு மேற்பட்ட குஞ்சுகளில் எனக்குத் தடுமாற்றம் இல்லை. அதற்குச் சிறியவற்றில் பத்துக்கு இரண்டு மூன்று ஐயத்துக்குரியவையாகவே நின்றுவிடுகின்றன. குஞ்சுப் பண்ணைகளில் இனங்கள் கலந்து பிறக்கும் குஞ்சுகளுக்கு வாய் இடைப்பட்டதாக அமையும் என்பதால், அங்கும் இந்த வழி முழுத்துணை ஆகாது. கெளுத்தி, தேளி வகைகளை நான் வளர்த்ததில்லை; அவற்றுக்கு என் சொல்லை அளவுகோலாகக் கொள்ள வேண்டாம்.

இந்த ஆண்டு ஆடியில் ரோகு என்று வந்த முதல் பையில் முப்பதில் பதினொன்றுக்குக் குஞ்சம் இல்லை. கொண்டுவந்தவரையும் கண்ணாடி வழியே பார்க்கச் சொன்னேன். அவர் மறுபேச்சின்றி அந்தப் பையை வண்டியில் ஏற்றிக்கொண்டு வேறு பையை இறக்கினார்.