வன்னிப் புழுதியில் 10 வருடம் ஓடிய டர்போ டீசல் வான்

2015 தை மாதம் வாங்கும்போது மீட்டரில் 92,000 கிலோமீட்டர் இருந்தது. இன்று 341,000. ஜப்பானிலிருந்து வந்த 3 லீட்டர் டர்போ டீசல் வான். டர்போ என்பது எஞ்சினின் புகைக்காற்றால் சுழன்று, எஞ்சினுக்குள் காற்றை அமுக்கி அனுப்பும் விசிறி. புதுக்குடியிருப்பிலிருந்து ஹயர் ஓடுகிறேன்: பரந்தன் றோட்டால் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கு, மாதத்தில் நாலைந்து தடவை கட்டுநாயக்கா எயார்போட்டுக்கு, வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு, ஆவணியில் மடுவுக்கு. வாங்கிய நேரத்தில் ஊரில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான். "டர்போ எஞ்சின் நிண்டுபிடிக்காது, பழைய டீசலா பாத்து எடு."

அவர்கள் அப்படிச் சொன்னதில் நியாயம் இருக்கிறது. பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் கார்களையே மண்ணெண்ணெயில் ஓட்டிய ஆட்கள் நாங்கள். அப்பாவின் ஒஸ்ரின் கார் காபுரேட்டருக்குள் ஒரு மூடி பெற்றோல் விட்டால் ஸ்டார்ட் வரும், மிச்சத்தை மண்ணெண்ணெயில் ஓடும். என்ன ஊற்றினாலும் பொறுத்துக்கொண்ட எஞ்சின் அது. 2009 இல் முள்ளிவாய்க்காலில் விட்டுவிட்டு வரும்வரை எங்களைச் சுமந்தது. அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு டர்போ என்றால் பயம் வரத்தான் செய்யும்.

என் டர்போ 2018 இல் போனது, 174,000 இல். அந்தக் காலபோக அறுவடை முழுக்க முத்தையன்கட்டுப் பக்கம் வயல் வேலைக்கு ஆட்களை ஏற்றி இறக்கினேன். கிரவல் றோட்டு, முன்னால் நெல் மூட்டையோடு உழவு இயந்திரங்கள், கண்ணாடி தெரியாத புழுதி. 5,000 இல் மாற்ற வேண்டிய ஒயில் 11,000 வரை போய்விட்டது. முதலில் விசில் மாதிரி ஒரு சத்தம் கேட்டது, பிறகு இழுவை குறைந்தது, கடைசியில் பின்னால் நீலப் புகை.

கராஜ் தம்பி டர்போவுக்குப் போகும் காற்றுக் குழாயைக் கழற்றிவிட்டு, "கையை விட்டுப் பாருங்கோ அண்ணை" என்றான். உள்ளே இருக்கும் சின்ன விசிறியின் இறகுகள் நுனி தேய்ந்து, பழைய அரிவாளின் வாய் மாதிரி பல்லுப் பல்லாக இருந்தன. தண்டைப் பிடித்து இழுத்தால் முன்னும் பின்னும் ஆடியது. எயார் கிளீனர் பெட்டியின் ஒரு கிளிப் உடைந்திருந்தது. அந்த இடுக்கால் புழுதி நேரே உள்ளே போயிருக்கிறது. "இது தானாச் சாகேல்லை அண்ணை, புழுதியைத் தின்னக் குடுத்திருக்கிறியள்" என்றான்.

டர்போவின் தண்டு எஞ்சினின் புகைக்காற்றால் நிமிடத்துக்கு 100,000 சுற்றுக்கு மேல் சுழலும். அதைத் தாங்குவது மெல்லிய ஒயில் படலம்தான். ஒயில் கறுத்துக் கட்டிபட்டால், அல்லது ஒயில் வரும் ஒடுங்கிய பைப்பில் கரி பிடித்தால், அந்தப் படலம் இல்லை. A9 றோட்டில் வேகமாக இழுத்து வந்து, வீட்டு வாசலில் நிறுத்திய உடனே சாவியைத் திருப்பினால், சூடான டர்போவுக்குள் நிற்கும் ஒயில் அங்கேயே கரியாகும். கட்டுநாயக்கா ஓட்டம் ஒவ்வொன்றிலும் நான் அதைத்தான் செய்திருக்கிறேன், மூன்று வருடமாக.

ரீகண்டிஷன் டர்போ ஒன்று போட்டோம். அதைவிட முக்கியம், ஒயில் பைப்பைப் புதிதாகப் போட்டது, எஞ்சினுக்கு அடியில் ஒயில் நிற்கும் சம்பைக் கழற்றி, ஒயிலை உறிஞ்சும் குழாயின் வலையைக் கழுவியது, டர்போவிலிருந்து வரும் காற்றை ஆற்றும் இன்டர்கூலருக்குள் தேங்கிய ஒயிலை வடித்தது. அதை வடிக்காவிட்டால் டீசல் எஞ்சின் அந்த ஒயிலையே எரித்துத் தன்பாட்டில் வேகமெடுக்கும், சாவியைத் திருப்பினாலும் நிற்காது. டர்போவை மட்டும் மாற்றிவிட்டு அடுத்த வருடம் திரும்பவும் மாற்றியவர்களை எனக்குத் தெரியும். என்னுடையது அதற்குப் பிறகு 167,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது, ஒரு சொட்டு ஒயில் குடிக்கவில்லை.

கொம்பனிக்காரர் சீக்கிரம் பழுதாகும்படிதான் செய்கிறார்கள் என்று கராஜில் அடிக்கடி பேச்சு வரும். நான் அதை நம்பவில்லை. ஐரோப்பாவின் யூரோ 6 விதியில் கார்களின் புகைக் கட்டுப்பாட்டுச் சாமான்கள் 160,000 கிலோமீட்டர் தாங்க வேண்டும். யூரோ 7 இல் 200,000 அல்லது 10 வருடம். அமெரிக்காவின் டியர் 3 விதியில் 150,000 மைல், அதாவது ஏறக்குறைய 240,000 கிலோமீட்டர். எஞ்சின் செய்யும் பொறியியலாளர்கள் இன்னொரு கணக்கும் வைத்திருக்கிறார்கள்: நூறில் பத்து எஞ்சின் செயலிழக்கும் தூரம் எவ்வளவு என்று பார்ப்பார்கள். அந்தத் தூரத்திலும் மிச்சத் தொண்ணூறு ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் இந்தக் கணக்கெல்லாம் புத்தகத்தில் உள்ளபடி சேர்விஸ் செய்தால்தான். அதே புத்தகத்தில் புழுதி றோட்டுக்கும் பாரத்துக்கும் குறுந்தூர ஓட்டத்துக்கும் ஒயிலை முந்தி மாற்றச் சொல்லித் தனியாக ஒரு பக்கம் இருக்கும். வன்னியில் ஓடும் வாகனத்துக்கு அந்தப் பக்கம்தான் பொருந்தும்.

இப்போது ஒயிலை 5,000 தாண்ட விடுவதில்லை. அறுவடைக் காலத்தில் கிழமைக்கு ஒருதரம் எயார் கிளீனர் பெட்டியைத் திறந்து, பில்டரைத் தாண்டி எஞ்சினுக்குப் போகும் பக்கத்தை விரலால் தடவிப் பார்ப்பேன். புழுதி ஒட்டினால் எங்கோ இடுக்கு இருக்கிறது. நெடுந்தூரம் ஓடி வந்தால் ஒரு நிமிடம் ஸ்டார்ட்டிலேயே விட்டுத்தான் நிறுத்துவேன். ஆட்கள் சாமான் இறக்க அதைவிடக் கூட நேரம் எடுக்கும். எஞ்சினுக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டருக்குக் கீழே இருக்கும் செப்பு வாஷர்களை 250,000 இல் மாற்றினேன். அவை கசிந்தால் எரிந்த புகை ஒயிலுக்குள் இறங்கிக் கரியாகி உறிஞ்சி வலையை அடைக்கும், டர்போவுக்கு ஒயில் போகாது.

2022 இல் எரிபொருள் தட்டுப்பாட்டால் கியூஆர் கோட்டாவுக்கு வரிசையில் நின்ற காலத்தில் பரலில் வைத்த டீசலை வாங்கி ஊற்றி, தண்ணீர் கலந்து, பலரின் இன்ஜெக்டர்கள் போயின. நான் வானை வீட்டில் நிறுத்திவிட்டேன். உழைப்பு இல்லாத மாதங்கள்தான், ஆனாலும் இன்ஜெக்டர்கள் தப்பின.

2020 முதல் ஐந்து வருடம் வாகன இறக்குமதி நின்றிருந்தது. 2025 மாசியில் திறந்த பிறகு, 660 சிசி டர்போ பெற்றோல் வாகனம் எடுக்கலாமா என்று தம்பிமார் கேட்கிறார்கள். எடுக்கலாம். பெற்றோல் எஞ்சினின் புகைக்காற்று டீசலைவிடச் சூடு கூடியது, ஆகவே ஒயில் மாற்றுவதில் மிச்சம் பிடிக்கக் கூடாது. பழசாக வாங்கும் எந்த டர்போவுக்கும் நான் சொல்வது இது: எஞ்சின் ஆறிய பிறகு காற்றுக் குழாயைக் கழற்றச் சொல்லுங்கள். தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். கொஞ்சம் ஆடினால் பயமில்லை, ஒயில் படலத்துக்கான இடைவெளி அது. முன்னும் பின்னும் ஆடினால், அல்லது இறகு டர்போ கூட்டின் உட்சுவரில் உரசிய அடையாளம் இருந்தால், விலை பேசாமல் வந்துவிடுங்கள். கழற்ற விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னாலும் அப்படியே.