ஆட்டோகிளேவ் கதவுக்கான சிலிகோன் கேஸ்கெட்: ஒரு மதிப்பீடு

எங்கள் மருத்துவமனையின் கிருமிநீக்கப் பிரிவில், ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியால் கருவிகளைக் கிருமிநீக்கும் கலன்) கதவுகளுக்கு இப்போது பிளாட்டினம் கியூர் செய்த (பிளாட்டினம் வினையூக்கியால் இறுகச்செய்த), 60 ஷோர் ஏ (ரப்பரின் கடினத்தை அளக்கும் அளவுகோல்) கடினத்தன்மையுள்ள சிலிகோன் கேஸ்கெட்டுகளை, அதாவது ஆவி கசியாமல் அடைக்கும் வளையங்களை, பொருத்தியிருக்கிறோம். பெராக்சைடால் இறுகச்செய்த, முன்பிருந்த பெராக்சைடு ரகத்தைவிட விலை கூடுதல் என்றாலும் வாங்கலாம் என்றே பரிந்துரைப்பேன். ஆனால் 'பிளாட்டினம்' என்ற பெயரை மட்டும் நம்பி அல்ல.

'200 டிகிரி வரை தாங்கும்' என்று உறையில் அச்சிட்டிருப்பது உலர்ந்த வெப்பத்துக்கான அளவு. ஆட்டோகிளேவில் வெப்பம் 121 அல்லது 134 டிகிரிதான்; ஆனால் அங்கே இருப்பது அழுத்தம் ஏறிய நீராவி. அது சிலிகோனின் சிலிக்கான்–ஆக்சிஜன் பிணைப்புகளைச் சிறிது சிறிதாக அறுக்கிறது. கதவு இறுகியிருக்கும் நேரமெல்லாம் கேஸ்கெட் நசுங்கிய நிலையிலேயே வேகிறது. திறந்த பின் பழைய தடிமனுக்கு அது மீளாவிட்டால், அடுத்தடுத்த சுற்றுகளில் ஆவி கசியத் தொடங்கும். எனவே விற்பனையாளரிடம் முதலில் கேட்க வேண்டியது கம்ப்ரெஷன் செட் எண்ணைத்தான். அழுத்திய அளவில் எத்தனை சதவீதம் மீளாமல் தங்கிவிட்டது என்பதை அது சொல்கிறது. எண் குறையக் குறைய நல்லது. எந்த வெப்பநிலையில், எத்தனை மணி நேரம் சோதித்தார்கள் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும், ஏனெனில் குறைந்த வெப்பத்தில் சோதித்தால் எந்த ரகமும் அழகாகத் தெரியும்.

முன்பு ஒரு கடையில் வாங்கிய பெராக்சைடு கேஸ்கெட்டின் மேல் வெள்ளைப் பொடி பூத்து, தொட்டால் கையுறையில் ஒட்டியது. சில வகைப் பெராக்சைடுகள் விட்டுச்செல்லும் அமில எச்சம் இப்படி வெளியே வரும். சுமார் 200 டிகிரியில் நான்கு மணி நேரம் போஸ்ட் கியூர் (வார்த்த பின் மீண்டும் அடுப்பில் சூடாக்குதல்) செய்து அதை முன்பே வெளியேற்றியிருக்க வேண்டும். கருவிகள் இருக்கும் இடத்தில் இப்படிப் பொடி உதிர்வதை ஏற்கவே முடியாது. பிளாட்டினம் ரகத்தில் அந்த எச்சம் இல்லை. எனினும், போஸ்ட் கியூர் செய்யாத பிளாட்டினம் ரகம், முறையாகச் செய்த பெராக்சைடு ரகத்தைவிட விரைவில் தளர்ந்துபோகலாம். இதைப் பலர் கவனிப்பதில்லை.

யுஎஸ்பி கிளாஸ் 6, ஐஎஸ்ஓ 10993 சான்றுகள் உடலுக்கு ஒவ்வுமா என்பதைப் பற்றியவை. நீராவியில் எத்தனை நாள் உழைக்கும் என்பதை அவை சொல்வதில்லை.

குறை என்றால், சிலிகோன் எளிதில் கிழியும். தட்டின் கூர்முனை பட்ட சிறு கீறலும் நீண்டு விரியும். சிலிகோன் கிரீஸ் தடவினால் கேஸ்கெட் ஊதிப் பெருக்கும் என்பதால் அதை அறவே தவிர்த்து, ஈரத்துணியால் துடைத்தாலே போதும்.