அயோவா முடுக்க அளவுகோல்: ஒரே ஒரு பாடத்துக்கு இது போதுமா?

நான்காம் வகுப்புக் குழந்தையைக் கணக்குக்கு மட்டும் ஆறாம் வகுப்பில் உட்கார வைக்கலாமா? பல பள்ளிகளில் இதற்கு ஆளுக்கொரு பதில் வரும். இப்படிப் பிள்ளையை வயதுக்குரிய வகுப்பைத் தாண்டி மேலே அனுப்புவதற்கு ‘முடுக்கம்’ என்று பெயர். அதை முடிவு செய்ய உதவும் படிவமான அயோவா முடுக்க அளவுகோலின் (Iowa Acceleration Scale) பெரிய பலமே, ஆசிரியர், பெற்றோர், தலைமையாசிரியர் எல்லோரையும் ஒரே படிவத்தின் முன் உட்கார வைப்பதுதான். 2009இல் வந்த மூன்றாம் பதிப்பைப் பற்றித்தான் இங்கே சொல்கிறோம்.

அடிப்படையில் இது டபுள் ப்ரமோஷனுக்கான கருவி. திறன், தேர்ச்சி, வளர்ச்சி, பழகும் விதம், பெற்றோர் ஆதரவு என ஒவ்வொன்றுக்கும் புள்ளி போட்டுக் கூட்டுகிறது. குழந்தைக்கே விருப்பமில்லையென்றால் புள்ளி எவ்வளவு இருந்தாலும் வேண்டாம் என்கிறது. அந்த ஒரு விதிக்காகவே இதை மதிக்கலாம்.

ஒரு பாடத்துக்கு மட்டும் என்றால், இதிலிருந்து முக்கியமாக எடுத்துக்கொள்ள வேண்டியது மேல் வகுப்புத் தேர்வு. சொந்த வகுப்புத் தேர்வில் இரண்டு பிள்ளைகள் 98 வாங்கியிருப்பார்கள். ஐந்தாம் வகுப்பு ஆண்டுத் தேர்வுத் தாளைக் கொடுத்தால் ஒருவர் 45, மற்றவர் 85 வாங்கக்கூடும். உளவியலாளர் ஜூலியன் ஸ்டான்லி 1970களில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், கல்லூரி நுழைவுக்கான எஸ்.ஏ.டி. தேர்வை 12, 13 வயதுப் பிள்ளைகளுக்கு வைத்ததும் இதே காரணத்துக்காகத்தான். மொத்த மதிப்பெண்ணோடு நிறுத்திவிடாமல் விடைத்தாளைக் கேள்வி கேள்வியாகப் பாருங்கள். போன 15 மதிப்பெண்ணும் பின்னக் கணக்கிலேயே போயிருந்தால், அது சில வாரங்களில் அடைக்கக்கூடிய ஓட்டை. அதற்காக வாய்ப்பை மறுக்கக் கூடாது.

படிவம் போதாத இடம் டைம்டேபிள். ஆறாம் வகுப்பின் கணக்குப் பீரியடில் நான்காம் வகுப்புக்கு மொழிப் பாடம் நடந்தால், குழந்தை அதைத் தினமும் இழக்கும். கல்வியாண்டு தொடங்கும் முன்பே இரண்டு வகுப்புக் கணக்கையும் ஒரே பீரியடில் வைத்துவிடுங்கள். வீட்டுப்பாடம் ஆறாம் வகுப்புடையது மட்டும் போதும். இரண்டையும் எழுத வைத்தால் குழந்தைக்கு அது தண்டனையாகிவிடும். மதிப்பெண் பட்டியலில் எந்த வகுப்புக் கணக்கு ஏறும் என்பதையும் முதல் நாளே எழுதி வையுங்கள்.

பள்ளியின் கடைசி வகுப்புக் கணக்கையும் முடித்த பிறகு என்ன? பெரும்பாலும் எல்லாம் குலைவது இங்கேதான். இரண்டு வகுப்பு முன்னேறிய பிள்ளையை அதே புத்தகத்தை மறுபடி படிக்க வைப்பார்கள். அடுத்த பள்ளியோடோ கல்லூரியோடோ முன்கூட்டியே பேசி வைத்தால் இது நேராது.

அயோவா பல்கலைக்கழகத்தின் பெலின்-பிளாங்க் மையம் பின்னர் கொண்டுவந்த இணையக் கருவியில் ஒற்றைப் பாட முடுக்கம் தனி வகையாகவே இருக்கிறது. புதிதாக வாங்கும் பள்ளி அதையே வாங்கட்டும். பழைய படிவம் வைத்திருப்பவர்கள் டைம்டேபிளுக்கென ஒரு தாளைச் சேர்த்துக்கொண்டால் தாராளமாகப் பயன்படுத்தலாம்.