மூச்சை எண்ணாக்கிக் காட்டும் கார்பன் டை ஆக்சைடு மீட்டர்

வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல், இருமல் என்றால் மேஜையையும் கதவுக் கைப்பிடியையும் துடைத்துக்கொண்டே இருப்போம், சன்னலைத் திறக்க மட்டும் யாருக்கும் தோன்றாது. ஆனால் கொரோனா, ஃப்ளூ, தட்டம்மை எல்லாம் மூச்சிலும் பேச்சிலும் வெளிவரும் நுண்துகள்களில் ஏறிக் காற்றில் மிதப்பவை. தட்டம்மை வந்தவர் அறையை விட்டுப் போன பிறகும் அங்கே 2 மணி நேரம் வரை தொற்ற வாய்ப்பு உண்டு. அதனால்தான் இந்தக் கையடக்க மீட்டரை வாங்கினேன்.

இது வைரஸை அளக்காது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாம் விடும் மூச்சில் கார்பன் டை ஆக்சைடு சுமார் 40,000 பிபிஎம் (அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 40,000 பங்கு), வெளிக்காற்றில் 420-ஐ ஒட்டித்தான் இருக்கும். ஆக, திரையில் 2,000 என்று வந்தால், வெளிக்காற்றின் 420-ஐக் கழித்துப் பார்க்க, நீங்கள் இழுக்கும் காற்றில் ஏறக்குறைய 25-இல் ஒரு பங்கு ஏற்கெனவே யாரோ ஒருவரின் நுரையீரலுக்குள் போய் வந்தது. அவருக்குத் தொற்று இருந்தால்? இந்தக் கணக்கு புரிந்த பிறகு கதவைச் சாத்திய அறையில் பத்துப் பேரோடு உட்கார எனக்கு மனசு வருவதில்லை.

கதவைச் சாத்தி ஏசி போட்டுத் தூங்கிய படுக்கையறையில் விடியும்போது 2,000-ஐத் தாண்டியிருந்தது. சாதாரண ஸ்ப்ளிட் ஏசி உள்ளே இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது, அவ்வளவுதான். ஒரு சன்னலை மட்டும் திறந்தபோது எண் மெதுவாகத்தான் இறங்கியது, எதிர்ப்பக்கக் கதவையும் திறந்ததும் மளமளவென்று சரிந்தது.

ஒரு சிக்கல் உண்டு. ஹெப்பா வடிகட்டி உள்ள ஏர் பியூரிஃபையர் ஓடினால் வைரஸ் துகள்கள் குறையும், ஆனால் கார்பன் டை ஆக்சைடு அந்த வடிகட்டியில் நிற்காது என்பதால் இந்த எண் அசையாது. அதைப் பார்த்து பியூரிஃபையர் வீண் என்று நினைத்துவிடாதீர்கள். அதேபோல் ஆளில்லாத நேரத்தில் எண் குறைவாகத்தான் இருக்கும், அதை வைத்து அறையில் காற்றோட்டம் நன்றாக இருக்கிறது என்று சொல்லவும் முடியாது.

எனக்குப் பிடிக்காதது தானியங்கி அளவுத்திருத்தம். அவ்வப்போது வெளிக்காற்று படும் என்று நம்பி அது தன்னைத்தானே சரிசெய்துகொள்கிறது. எப்போதும் மூடிய அறையிலேயே வைத்திருந்தால் நாளடைவில் உண்மையை விடக் குறைத்துக் காட்டும். மொட்டை மாடியிலோ பால்கனியிலோ கொஞ்ச நேரம் வைத்து எடுங்கள், முகத்துக்கு நேரே பிடித்துப் பார்க்காதீர்கள்.

வாங்கும்போது, அகச்சிவப்பு ஒளியை வைத்து கார்பன் டை ஆக்சைடையே நேரடியாக அளக்கும் என்டிஐஆர் சென்சாரா என்று பாருங்கள். மலிவான சில கருவிகள் வேறு வாயுக்களை வைத்துக் கார்பன் டை ஆக்சைடை ஊகித்துச் சொல்கின்றன, சமையல் வாசனைக்கும் சானிடைசருக்கும்கூட எண் எகிறும். அப்புறம், எச்சரிக்கை ஒலியை 800-இல் வையுங்கள்.