வாய்ஸ் ஓவர் ஆடிஷன்: சந்தா தளமா, ஃபைவரா, டெலிகிராம் குழுவா, நேரில் ஸ்டுடியோவா?

"பணம் கேட்டால் மோசடி, கேட்காவிட்டால் நல்லவர்கள்" என்று ஒரு கணக்கு எல்லோரிடமும் இருக்கிறது. விளம்பரத்துக்கும் வீடியோவுக்கும் பின்னணிக் குரல் கொடுக்கும் வாய்ஸ் ஓவர் வேலை தேடுகிறவர்களுக்கு அது பாதிதான் உதவும். உலகம் முழுக்கத் தெரிந்த சில தளங்கள் வெளிப்படையாகவே பணம் வாங்குகின்றன. ஒரு பைசா கேட்காமல் குரலை மட்டும் வாங்கிக்கொண்டு மறைந்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். எனவே பணத்தை எப்போது, எதற்காகக் கேட்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஆடிஷனுக்கு, அதாவது குரல் தேர்வுக்கு முன்பே, எல்லோருக்கும் ஒரே விலை என்று தளத்திலேயே போட்டு வாங்குவது கட்டணம். 'நீங்க செலக்ட் ஆயிட்டீங்க' என்று சொன்ன பிறகு கேட்பதற்குப் பெயர் வேறு. தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ உட்கார்ந்துகொண்டு ஆடிஷன் அனுப்புகிறவர் இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு வழிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் சந்தா தளங்கள். கனடாவைச் சேர்ந்த வாய்சஸ் டாட் காம், அப்புறம் வாய்ஸ்123. வாய்சஸில் பிரீமியம் உறுப்பினர் ஆக ஆண்டுக்கு 499 டாலர் என்பது நெடுநாளாக இருந்த விலை. நம் பணத்தில் நாற்பதாயிரத்துக்கும் மேல். கட்டினால் வேலை நிச்சயம் என்று அவர்கள் சொல்வதில்லை. ஆடிஷன் அனுப்பும் வாய்ப்பைத்தான் விற்கிறார்கள், அதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனால் ஆங்கில வேலைகளுக்கு முன்னால் தமிழ் வேலைகள் மிகக் குறைவு. இலவசக் கணக்கு ஒன்றைத் திறந்து, சில மாதம் தமிழ் வேலை எத்தனை வருகிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். இங்கேயும் ஒரு பழைய ஏமாற்று உண்டு. தளத்தில் பெயரைப் பார்த்து நேரடியாக மின்னஞ்சல் அனுப்புவார்கள். பேசிய தொகையைவிடக் கூடுதலாக ஒரு காசோலை வரும். 'மிச்சத்தை ஸ்டுடியோ இன்ஜினியருக்கு அனுப்பிவிடுங்கள்' என்பார்கள். நாம் அனுப்பிய பணம் போயிருக்கும், அவர்கள் காசோலை சில நாள் கழித்துத் திரும்பும்.

அடுத்தது ஃபைவர், அவரவர் செய்யும் சிறு வேலைகளை விலை போட்டு விற்கும் தளம். இங்கே பெரும்பாலும் ஆடிஷன் கிடையாது. நம் சாம்பிளைக் கேட்டுவிட்டு வாடிக்கையாளர் வருவார், தொகையை முன்கூட்டியே தளத்தில் கட்டுவார். நம் வருமானத்தில் 20 சதவீதத்தைத் தளம் எடுத்துக்கொள்ளும். மீதி, வேலை முடிந்து வழக்கமாக 14 நாள் கழித்துக் கைக்கு வரும். ஐந்தில் ஒரு பங்கு போகிறதே என்று வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் பணம் நடுவில் ஒருவரிடம் இருக்கிறது என்ற நிம்மதிக்கு அது சரியான விலைதான் என்பது என் எண்ணம். 'வெளியே வாட்ஸ்அப்பில் பேசிக்கலாம், கமிஷன் மிச்சம்' என்று சொல்கிறவரோடு போனால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும், கணக்கும் முடங்கும்.

பணத்துக்குக் காவல் இருந்தாலும் குரலுக்கு ஃபைவரிலும் காவல் இல்லை. பால் லெர்மன், லின்னியா சேஜ் என்ற இரண்டு அமெரிக்கக் குரல் கலைஞர்களின் வழக்கு அதற்குச் சான்று. ஆராய்ச்சிக்கு, சோதனைக்கு என்று சொல்லி ஃபைவர் வழியாக வாங்கிய பதிவுகளை வைத்து லோவோ என்ற நிறுவனம் தங்கள் குரலைச் செயற்கையாக உருவாக்கிவிட்டது என்று 2024இல் நியூயார்க் நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

இனி டெலிகிராம், வாட்ஸ்அப், ஃபேஸ்புக் குழுக்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் அதிகம் புழங்குவதும் அதிகம் பறிகொடுப்பதும் இங்கேதான். 'வீட்டிலிருந்தே வாய்ஸ் ஓவர், அனுபவம் தேவையில்லை' என்று ஒரு போஸ்டர் வரும். நான்கு வரி ஸ்கிரிப்ட், அதை போனிலேயே பதிவு செய்து அனுப்பினால் போதும். காலையில் அனுப்பினால் மதியத்துக்குள் பதில் வந்துவிடும்: 'மேடம், வாய்ஸ் சூப்பர். கிளையண்ட் ஓகே பண்ணிட்டாங்க. ஆர்ட்டிஸ்ட் கார்டுக்கு 1,500 மட்டும் கட்டிடுங்க, முதல் பேமெண்ட்டோட திரும்பி வந்துடும்.' கார்டுக்குப் பிறகு ஒப்பந்தக் கட்டணம், அதற்குப் பிறகு ஜிஎஸ்டி, கடைசியில் டிடிஎஸ் கட்டினால்தான் பணம் ரிலீஸ் ஆகும் என்பார்கள். டிடிஎஸ் என்பது நமக்குத் தரும் தொகையிலிருந்து அவர்களே பிடித்துக் கட்டும் வரி. அதை நம்மை முன்பணமாகக் கட்டச் சொல்கிறவர் நிறுவனமும் நடத்தவில்லை, கணக்கும் எழுதவில்லை.

பின்புலத்தில் லாரி ஹாரன் கேட்கும் பதிவையும் 'ஸ்டுடியோ குவாலிட்டி' என்று புகழ்கிறார்களா? உஷார். கிருஷ்ணகிரியில் நெடுஞ்சாலையை ஒட்டி வீடு இருக்கிறவர்களுக்குத் தெரியும், ராத்திரி பதினோரு மணிக்குப் பிறகு துணி அலமாரிக்குள் தலையை விட்டுப் பேசினால்தான் ஓரளவு சுத்தமான பதிவு கிடைக்கும். உண்மையான வாடிக்கையாளர் குறை சொல்வார், ஒரு வரியை மறுபடி வேறு தொனியில் கேட்பார்.

பணம் தருகிறோம் என்று கியூஆர் அனுப்பி ஸ்கேன் செய்யச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். யுபிஐயில் பணம் பெற பின் நம்பர் போடத் தேவையே இல்லை. 'தவறுதலாக ஐயாயிரம் கூடுதலாகப் போட்டுவிட்டோம்' என்று எஸ்எம்எஸ் வந்தால், எஸ்எம்எஸ்ஸை நம்பாமல் வங்கிச் செயலியில் இருப்பைப் பாருங்கள். இந்தியாவிலேயே இருக்கிற ஒருவர் பேபாலில் சம்பளம் அனுப்புகிறேன் என்றாலும் சந்தேகப்படலாம். 2021 ஏப்ரல் முதல் பேபால் இந்தியாவுக்குள் பணப் பரிமாற்றம் செய்வதில்லை, வெளிநாட்டுப் பணம் மட்டுமே வரும்.

இத்தனைக்கும் நடுவில் உண்மையான வேலையும் குழுக்களில் வரத்தான் செய்கிறது: யூடியூப் கதைச் சேனல்கள், சின்னக் கடை விளம்பரங்கள். குழுவை அறிவிப்புப் பலகையாக மட்டும் வைத்துக்கொண்டு, ஆளோடு போனில் பேசி, பாதித் தொகை அட்வான்ஸ் வாங்கிய பிறகு முழுப் பதிவைக் கொடுக்கலாம்.

நேரில் போவது பழைய வழி. ஆனால் நம் பக்கத்து ஆட்களுக்கு இதுதான் லாபம் என்று தோன்றுகிறது. கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு சுமார் 90 கிலோமீட்டர், ஓசூரிலிருந்து அதில் பாதிகூட இல்லை. அங்கே பாட வீடியோ, ஐவிஆர் (போனில் 'ஒன்றை அழுத்தவும்' என்று சொல்லும் பதிவு), நிறுவனப் பயிற்சிப் படங்களுக்குத் தமிழ்க் குரல் தேவைப்படுகிறது. ஓசூர்ப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி வளர்ந்தவர் மூன்று மொழியில் சாம்பிள் கொடுக்கலாம். சென்னைக்காரருக்கு அது எளிதில் வராது. உள்ளூரில் நகைக்கடை, ஜவுளிக்கடை, கும்பாபிஷேகம் என்று ஆட்டோவில் கட்டி ஓட்டும் விளம்பரப் பதிவுகளும் இருக்கின்றன. காசு கொஞ்சம்தான், ஆனால் கொடுக்கிற ஆளின் கடை எங்கே இருக்கிறது என்று தெரியும். வானொலி ஆசை இருப்பவர்களுக்குத் தருமபுரியிலேயே அகில இந்திய வானொலி நிலையம் இருக்கிறது. பகுதிநேர அறிவிப்பாளர் தேர்வு வரும்போது அறிவிப்பை நிலையத்திலேயே கேட்டு உறுதிசெய்துகொள்ளலாம்.

நேரிலும் ஏமாற்று உண்டு. 'டெமோ ரீல் (குரல் மாதிரித் தொகுப்பு) செய்து தருகிறோம், வேலைக்கு உத்தரவாதம்' என்று பெரிய தொகை கேட்பார்கள். சினிமா டப்பிங்குக்குச் சென்னையில் சங்க உறுப்பினர் அட்டை வேண்டும் என்பது உண்மை. அந்தப் பணத்தைச் சங்க அலுவலகத்தில் கட்டி ரசீது வாங்க வேண்டும். இடைத்தரகரின் ஜிபேக்கு அனுப்ப அதில் எந்த வேலையும் இல்லை.

எந்த வழியில் அனுப்பினாலும் ஆடிஷன் இருபது முப்பது வினாடிக்கு மேல் வேண்டாம். மூன்று பக்க ஸ்கிரிப்டை முழுதாகப் படிக்கச் சொன்னால் அது ஆடிஷன் இல்லை, இனாம் வேலை. கடைப் பெயர், விலை, போன் நம்பர் வரும் வரிகளை விட்டுவிட்டுப் படிக்கலாம், அல்லது அடியில் மெல்லிய பீப் ஒலி சேர்க்கலாம். ஆடாசிட்டி இலவச மென்பொருள், அதிலேயே இரண்டு நிமிட வேலை. ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத நூற்றுக்கணக்கான வாக்கியங்களைப் படிக்கச் சொன்னால், பெரும்பாலும் குரலைக் கணினிக்குப் பழக்கத்தான். அதில் தப்பில்லை, வெளிப்படையாகச் சொன்னால். இந்திய மொழிகளைக் கணினிக்குப் பழக்கும் மத்திய அரசின் பாஷிணித் திட்டம், பாஷாதான் என்ற தன் தளத்தில் குரலைத் தானமாகவே கேட்கிறது. மற்றவர்களிடம் 'இந்தப் பதிவை ஏஐ பயிற்சிக்குப் பயன்படுத்த மாட்டோம்' என்று ஒரு வரி மின்னஞ்சலில் வாங்கிவிடுங்கள். பாடகர் அரிஜித் சிங் வழக்கில் 2024இல் மும்பை உயர் நீதிமன்றம் அனுமதியில்லாத குரல் நகலெடுப்புக்குத் தடை விதித்தது. ஆனால் அவர் புகழ்பெற்றவர். நம் கையில் இருக்கப்போவது அந்த ஒரு வரி மின்னஞ்சல்தான்.

புதிதாக இறங்குகிறவருக்கு என் வரிசை: முதலில் ஓசூர், பெங்களூரு, சேலம் ஸ்டுடியோக்களுக்கு நேரில் சாம்பிள். கூடவே ஃபைவரில் ஒரு கணக்கு. சம்பாதித்த பணத்தில் மட்டுமே சந்தா. டெலிகிராம் கடைசி. அங்கே பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழையுங்கள், தாமதிக்காமல் சொன்னால்தான் பணம் கைமாறும் முன் வங்கியில் நிறுத்த வழி கிடைக்கும். பணம் அனுப்பியதற்கான யுடிஆர் எண், எதிராளியின் யுபிஐ ஐடி, அரட்டையின் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு பேசுங்கள். 'கிளியர் சாட்' மட்டும் அழுத்திவிடாதீர்கள்.