தோட்டப்புறத்திற்கு ஏற்ற வரைபடச் செயலி: ஆர்கானிக் மேப்ஸ்

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்தில், கல்யாணத்திற்கோ துக்கத்திற்கோ வரும் வெளியூர் உறவினர்கள் தோட்டத்துக்குள் நுழைந்ததும் திசை தெரியாமல் நின்றுவிடுவது வழக்கம். எப்பக்கம் திரும்பினாலும் செம்பனைதான் (எண்ணெய்ப்பனை). கைப்பேசியிலோ இணையம் விட்டுவிட்டு வரும். இணையமே இல்லாமல் இயங்கும் ஆர்கானிக் மேப்ஸ் செயலியைத் தோட்டப்புற மக்கள் அனைவருக்கும் நான் தயங்காமல் பரிந்துரைக்கிறேன்.

2021இல் வெளிவந்த இச்செயலி இலவசமானது, விளம்பரமும் கிடையாது. மலேசிய வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டால் போதும். சிலாங்கூர் ஆறு வளைந்து செல்லும் தாழ்நிலம், ஈயம் தோண்டியதால் உண்டான பழைய குட்டைகள், 1917இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் உருவான தென்னமாரம் என எங்கள் வட்டாரத்தின் நில அமைப்பை ஒரே பார்வையில் விளங்கிக்கொள்ளலாம். போக்குவரத்து நெரிசலை இது காட்டாது என்பதால், கோலாலம்பூருக்குள் ஓட்டுபவர்களுக்கு இது மட்டும் போதாது.

இதன் உண்மையான சிறப்பு, 2004இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் பொதுத் திட்டத்தின் தரவைக் கொண்டு இயங்குவதே. அத்திட்டத்தில் யார் வேண்டுமானாலும் கணக்குத் திறந்து தம் ஊரைப் பதிவு செய்யலாம். கோயில், தமிழ்ப்பள்ளி, மளிகைக் கடை போன்றவற்றைச் செயலியிலேயே சேர்க்கலாம். பிறமொழிப் பெயரோடு தமிழ்ப் பெயரையும் தனியாக எழுதலாம். செம்மண் சாலையையோ கால்வாயையோ வரைவதற்குத்தான் திட்டத்தின் இணையத்தளத்திற்குச் செல்ல வேண்டும்.

இடிக்கப்பட்டு அடையாளமே இல்லாமல் போன லயத்தை (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை) இத்திட்டம் வரைய அனுமதிப்பதில்லை. முதலில் இது எனக்கு வருத்தமளித்தது. ஏனெனில் பெரட்டுக் களம் (தொழிலாளர்கள் காலையில் பேர் கொடுக்கக் கூடிய இடம்), ஆயாக்கொட்டகை (பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட கொட்டகை) என்று பெரியவர்கள் வழி சொல்லும் இடங்களில் பல இன்று வெறும் செம்பனை நிரைகளாக இருக்கின்றன. ஆயினும் குடியிருப்பு எதுவும் இல்லாவிட்டாலும் மக்கள் இன்றும் பெயர் சொல்லி அழைக்கும் இடத்தைப் பதிவதற்குத் தனி வகை ஒன்று உண்டு. அப்பெயர்களை அறிந்த தாத்தா பாட்டிகள் நம்மிடையே இருக்கும்போதே, அவர்களை அருகில் உட்கார வைத்து இவ்வேலையைச் செய்துவிட வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

திருத்தங்கள் மற்றவர்களின் செயலியில் உடனே தெரியாது. வரைபடத்தின் அடுத்த புதுப்பிப்பை அவர்கள் இறக்கிய பிறகே தோன்றும்.